நூற்றில் ஒரு பங்கு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் இதை நம்பப் போவதில்லை, தெரிந்தேதான் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மரத்தில் பேட்டர்ன் செய்வது என் வேலை. அதை மணலில் பதித்து, விழுந்த குழியில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். ஆறும்போது இரும்பு நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், அதனால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யவேண்டும், அதற்கென்றே கோடுகள் சற்றுத் தள்ளிப் போட்ட தனி ஸ்கேல் உண்டு.

என் மச்சான், மனைவியின் தம்பி குமரேசன், பழவேற்காட்டில் மீன் பிடிக்கிறவன். முகத்துவாரத்தில் வலையில் மாட்டிய கறுத்த பலகை ஒன்றைப் போன வருஷம் கொண்டுவந்து போட்டான், டச்சுக்காரன் கப்பலுடையது என்று ஊரில் சொன்னார்களாம். நானும் பழைய டச்சுப் போர்க்கப்பல் ஒன்றின் வரைபடத்தை இணையத்தில் எடுத்து, அந்தப் பலகையிலேயே தொண்ணூறு சென்டிமீட்டரில் அதன் மாதிரியைச் செய்ய உட்கார்ந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

"மாமா, என்னியும் அதுல ஒரு ஆளா நிக்க வச்சிரு. நானும் கப்பல் ஏறிக்கினு போறேன்," என்றான் மச்சான்.

அவனைச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு நேரே பென்சில் கோடு போட்டு அளந்து, அந்தக் கணக்கில் ஒன்றரை அங்குலத்துக்குச் செதுக்கிச் சுக்கானருகே ஒட்டினேன்.

பாய்மரம் ஏற்றும்போதுதான் தெரிந்தது, கைப்பழக்கத்தில் எல்லாவற்றையும் தொழிற்சாலை ஸ்கேலிலேயே அளந்திருக்கிறேன். கப்பல் ஒன்பது மில்லிமீட்டர் கூடுதல். இதை யார் இரும்பில் ஊற்றப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் என் மனைவி செல்வி கூப்பிட்டாள். "இன்னாங்க, கப்பல்ல கை வெக்க முடியல. அனலா கொதிக்கிது."

தொட்டுப் பார்த்தேன், சுட்டது. வெயிலே படாத மூலை அது. சாயங்காலம்தான் ஆறியது, அப்போதே போனும் வந்தது. படகு கவிழ்ந்து குமரேசனைக் காணவில்லை. செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் காலை கரையில் கிடைத்தான், உயிரோடு.

"தண்ணிக்குள்ள இருந்துகினே ஒடம்பெல்லாம் அனலா காஞ்சிது மாமா. அப்பறம் மெதுவா ஆறிப்போச்சு," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் சாதாரண ஸ்கேலை எடுத்துக் கப்பலை அளந்தேன். சரியாகத் தொண்ணூறு, கூடுதலாக இருந்த ஒன்பது மில்லிமீட்டரைக் காணோம். காய்ந்தால் மரம் அகலத்தில்தான் ஒடுங்கும், நீளத்தில் ஒடுங்காது, எந்தத் தச்சரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மச்சான் நன்றாகத்தான் இருக்கிறான். பழைய செருப்பு லூசாகிவிட்டதாம். கடலில் கிடந்து இளைத்துவிட்டான் என்கிறாள் செல்வி. சுவரில் அந்தப் பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. அதன்மேல் காலண்டர் மாட்டியிருக்கிறேன், அவன் வந்தால் அந்தப் பக்கம் நிற்க விடுவதில்லை.