ஆறு நாள் தண்ணீரும் ஜான்சன் கேட்ட கேள்வியும்

பயிர் காய்கிறதே என்று போன புரட்டாசியில் பயந்தேன். அதைவிட, பெற்ற பிள்ளை விசுவாசத்தை விட்டுப் போய்விடுவானோ என்று நடுங்கினேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஒரே மகன் ஜான்சன், திருச்சியில் நிலவியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னான்:

"அப்பா, ஆறே நாள்ல உலகம் உண்டாச்சுன்னு இனிமே என்னால சொல்ல முடியாது. பாறைக்கெல்லாம் கோடிக்கணக்குல வயசு. வேதத்துல முதல் அதிகாரமே கதைன்னா மத்ததை எப்படி நம்புறது? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல உங்களைக் கேப்பேன். பதில் வரலைன்னா சபைக்கு வர மாட்டேன்."

தட்டைத் தள்ளிவைத்தேன். அந்த வாலிபர் கூட்டத்தில் படைப்பைப் பற்றிப் பேசப் போதகர் என்னைத்தான் வைத்திருந்தார். நான் பத்தாவதோடு நின்றவன். செல்போனில் எத்தனையோ பிரசங்கம் கேட்டும் மண்டையில் ஒன்றும் நிற்கவில்லை.

போதாததற்கு ஆற்றில் முறை வைத்துவிட்டார்கள். ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் அடைப்பு. எங்கள் மடைக்குத் தண்ணீர் ஏறுவது கடைசி நாளில்தான். அது ஞாயிற்றுக்கிழமை. விட்டால் நட்ட பயிர் கருகிவிடும். ஆனால் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தவரை நம்புகிற நான், ஓய்வு நாளில் மண்வெட்டி எடுப்பதில்லை.

"ஏங்க, இந்த ஒரு நாள் போய்ட்டு வாங்களேன்" என்று என் மனைவி ஸ்டெல்லா அழுதாள்.

நான் போகவில்லை. முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, பயிர் போனாலும் போகட்டும். பிள்ளையை மட்டும் விட்டுவிடாதேயும்" என்று கதறினேன்.

மாலையில் கூட்டம் தொடங்கியது. ஜான்சனைக் காணோம். பஸ் ஏறிப் போய்விட்டான் என்றே நினைத்தேன். ஏதோ பேசி முடித்தபோதுதான் உள்ளே வந்தான். காலெல்லாம் சேறு. ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நின்றபடியே கேட்டான்: "ஆறு நாள்னா நெசமா ஆறு நாள்தானாப்பா?"

கேட்ட பிரசங்கம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் வாய் திறந்தது.

"தம்பி, பாறையைப் பத்தி உன்கிட்ட வாதாட எனக்குப் படிப்பு இல்லை. ஆனா ஆறு நாள் தண்ணின்னு அறிவிச்சா, ஆறு யுகம்னு நம்ம ஊர்ல யாராவது எடுத்துக்கிறோமா? சாயங்காலம், விடியக்காலம்னு சொல்லித்தானே வேதமும் நாளை எண்ணுது. ஆண்டவரால ஒரு நாள்ல முடியாதுன்னு நான் ஏன் அந்த நாளை இழுத்து நீட்டணும்? அதை நம்பித்தான், பயிர் போயிடும்னு தெரிஞ்சும் இன்னைக்கு வயலுக்குப் போகலை."

ஜான்சன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பயிர் போகலைப்பா. நீங்க போக மாட்டீங்கன்னு தெரியும். நான்தான் மடையைத் திறந்து பாய்ச்சிட்டு வர்றேன்."

அங்கேயே விம்மி அழுதேன். ஒன்றைத் தாரும் என்று கேட்டவனுக்குக் கர்த்தர் இரண்டையும் தந்தார்.

இன்னும் அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தால் அந்த அதிகாரத்தைத் திறந்துவைத்து என்னோடு மல்லுக்கு நிற்கிறான். முன்பானால் அதட்டியிருப்பேன். இப்போது உட்கார்ந்து கேட்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். ஆறு நாள் ஆறு நாள்தான் என்பதில் மட்டும் அசைவதில்லை.

பிள்ளைகளை நினைத்துத் தூக்கம் தொலைத்திருக்கிறவர்களே, என்னைப் போல கர்த்தரிடமே போய் அழுங்கள். எந்த ஞாயிறு ஊரில் இருந்தாலும், ஆராதனையில் ஜான்சன் என் பக்கத்தில்தான் உட்காருகிறான்.