தானே மூடிக்கொள்ளும் அடுப்பு

அந்த ஆடி மாதம் முழுக்க, வேலை முடிந்து வரும்போது ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு வீடுவரை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஆமாம் என்றேன். தினமும் அதே இடத்தில் பெட்ரோல் தீர்கிற வண்டியைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்களோ, அதை யோசிக்க எனக்கு நேரமில்லை. வண்டிச் சத்தம் மாமியின் காதில் விழுந்துவிடக் கூடாது. என் கவலை எல்லாம் அது ஒன்றுதான்.

மாமி என்றால் என் கணவரின் தாயார். வீட்டில் நாங்கள் இருவர்தான். கணவர் எண்ணெய்க் கப்பலில் சமையல்காரர். ஏறினால் மாதக்கணக்கில் இறங்க மாட்டார். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்குகளுக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவேன். அதுவரை வீடு மாமியின் பொறுப்பு, சமையலறை மாமியின் ராஜ்ஜியம். அதை அவர் குசினி என்பார். குசினியில் கரண்டி வைக்கும் இடத்தை நான் மாற்றினால்கூட அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாலை ஜெபத்துக்கு மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஆனால் காலையில் வெளியே போனவர் வீடு வந்து சேராமல் ஏற்றக் கூடாது. ஆள் இன்னும் வழியில் இருக்கும்போது ஜெபத்தைத் தொடங்குவது அவரை வழியிலேயே விட்டுவிடுவதற்குச் சமம் என்பது மாமியின் நினைப்பு. கப்பலில் இருப்பவருக்கு மட்டும் இதில் விலக்கு, இல்லையென்றால் எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறைதான் மெழுகுவர்த்தி எரியும். மாமி ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். வாசலில் என் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் குச்சியை உரசுவார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்போது திரி எரிந்துகொண்டிருக்கும்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் தள்ளியதும் கேஸ் வாடை முகத்தில் அடித்தது. லேசான வாடை இல்லை, தொண்டையைப் பிடிக்கிற வாடை. மாமி சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்து குச்சியை உரசிக்கொண்டிருந்தார். உப்புக் காற்றில் நமுத்துப்போன குச்சி, பற்றவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். ஓடிப்போய் அவர் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன்.

"என்னளா, மாதாவுக்கு முன்னால செருப்போட வந்து நிக்க?" என்றார் மாமி.

குசினியில் போய்ப் பார்த்தேன். மீன் குழம்பு சுண்டுவதற்காக மண்சட்டியை அடுப்பில் சிம்மில் வைத்திருக்கிறார். மேற்கு ஜன்னல் விரியத் திறந்திருந்தது. ஆனி ஆடியில் எங்கள் ஊரில் வீசும் கச்சான் காற்று அந்தச் சின்னத் தீயை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. சிலிண்டரை மூடினேன், கதவுகளை எல்லாம் திறந்தேன், எந்த ஸ்விட்சையும் தொடாமல் மாமியைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். இருட்டும்வரை இருவரும் வெளியே நின்றோம். குழம்பு ஆறுகிறது என்பதே மாமியின் கவலையாக இருந்தது. பிடுங்கிய தீப்பெட்டியை நான் கையைவிட்டு வைக்கவே இல்லை.

குச்சி நமுத்திருந்ததால் பிழைத்தோம் என்பதைவிட வேறொன்றுதான் என்னை அதிகம் வாட்டியது. அவரைக் குச்சி உரச வைத்ததே என் வண்டிச் சத்தம்தான். நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன் என்ற நிம்மதியில்தான் அவர் உரசுகிறார்.

அத்தனை வாடை அடித்தும் மாமிக்கு ஏன் தெரியவில்லை? இரவெல்லாம் யோசித்தேன். எல்லாரும் முகக்கவசம் போட்டுத் திரிந்த வருடத்தில் ஊரையே படுக்கவைத்த காய்ச்சல் மாமிக்கும் வந்து போனது. மூக்கு அப்போது போனதுதான் போலிருக்கிறது. கேட்டால், லேசாகச் சளி, அவ்வளவுதான் என்றார். மறுநாள் நான் ஒரு வேலை செய்தேன். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். தெருக்கோடியில் இருக்கும் பூனை ஜன்னலுக்கு வந்துவிட்டது. மாமி திரும்பவே இல்லை.

தினமும் நான் வந்ததும் சட்டியைத் திறந்து, "எப்படி, மணக்கா?" என்று கேட்பார். கைப்பக்குவத்தைப் பற்றிய பெருமை என்று நினைத்து, சில நாள் பதில்கூடச் சொல்லாமல் கைகழுவப் போயிருக்கிறேன். பாவம், மணம் தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். அதை நினைத்தபோது அழுகை வந்தது.

கணவரிடம் போனில் சொன்னேன். அவருக்குக் கப்பல் புத்தி. எண்ணெய்க் கப்பலில் தீ என்ற சொல்லே கெட்ட வார்த்தை. சமைக்கிற இடத்தில் எல்லாமே மின்சார அடுப்பு. "இங்கன இத்தன பேருக்குச் சமைக்கேன், ஒரு பொட்டுத் தீ கிடையாது. நம்ம வீட்டுல மட்டும் என்னத்துக்குத் தீ?" என்றார். அடுத்த துறைமுகத்தில் நெட் கிடைத்ததும் அங்கிருந்தே ஓர் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆர்டர் போட்டுவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அடுப்பு வந்து சேர்ந்ததும் சிலிண்டரை மூடிவைத்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன், ஒரே ஒரு இரவு.

இண்டக்‌ஷனில் மண்சட்டி சூடாகாது. அடியில் இரும்பு இருக்கிற பாத்திரம்தான் ஏறும். எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் குழம்பு வைத்தார். வாயில் வைத்துவிட்டு, இது குழம்பு இல்லை, வெந்நீரில் போட்ட மீன் என்றார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மீன் குழம்பும் மண்சட்டியும் வேறு வேறு அல்ல. அவர்கள் வேறு வழி தேடுவார்கள், மாமியும் தேடினார். நான் வேலைக்குப் போனதும் இரும்புத் தோசைக்கல்லை அந்த அடுப்பில் வைத்து, அதன்மேல் மண்சட்டியை ஏற்றியிருக்கிறார். கல்லில் இரும்பு இருக்கிறது, அடுப்பு சூடாக்கியது. கல் சூடேறிச் சூடேறி, அடுப்பு கத்திவிட்டு நிற்கும். நின்றால் மாமி மறுபடி பட்டனை அமுக்குவார். பக்கத்து வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்களாம். ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தபோது அடுப்பின் கண்ணாடியில் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. மாமியின் புறங்கையில் ஒரு கொப்புளம். அதன்மேல் தேன் தடவியிருந்தார்.

நான் கத்திவிட்டேன். எனக்குக் கோபம் பயத்தில்தான் வரும், ஆனால் வரும்போது கோபம் மாதிரியேதான் வரும். இனி நான் இல்லாதபோது அடுப்பைத் தொடக் கூடாது, சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாள் மாமி மெஸ் சாப்பாட்டில் இரண்டு வாய் தின்றுவிட்டு மூடிவைத்தார். அதற்கும் மறுநாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். குசினிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மண்சட்டி கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தது.

மாமியை உயிரோடு வைத்துக்கொள்ள அவரைக் குசினியிலிருந்து வெளியே தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகு அந்த மனுஷியிடம் உயிர் இருந்த மாதிரியே தெரியவில்லை. அலுவலகத்தில் கப்பல் காகிதங்களைப் பார்த்துக்கொண்டே போனில் அடுப்பு அடுப்பாகத் தேடினேன். மண்சட்டியையும் சூடாக்கும் மின்சார அடுப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் அணைத்த பிறகும் கண்ணாடி கொதித்துக்கொண்டே இருக்குமாம், மாமி மேலே கையை வைத்துவிடுவார். மழை வெள்ளம் வந்த வருடம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்து, எங்கள் சிலிண்டரில்தான் தெருவில் பாதிப் பேருக்குக் கஞ்சி காய்ச்சினோம். அதுவும் நினைவுக்கு வந்தது. கேஸ் கசிந்தால் கத்துகிற ஒரு கருவி வாங்கிவை என்றார் கணவர், கப்பலில் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிவார்களாம். கத்தும், சரி. யார் போய் மூடுவது? பக்கத்து வீட்டுக் கார் கத்துகிறது என்று மாமி ஜெபமாலையைத் தொடர்ந்து உருட்டிக்கொண்டிருப்பார். இப்படியே ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்ததில், தீ அணைந்தால் தானே கேஸை மூடிக்கொள்ளும் அடுப்பு என்று ஒன்று இருப்பது கண்ணில் பட்டது.

கடைத்தெருவில் ஓர் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் எடுத்த எடுப்பில், நாலு பர்னர் வைத்து கிரானைட்டை அறுத்துப் பதிக்கிற கறுப்புக் கண்ணாடி அடுப்பைக் காட்டினார். முகம் பார்த்துத் தலைசீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. தீ அணைந்தால் கேஸ் நிற்குமா என்று கேட்டேன். நல்ல அடுப்பில் தீ ஏன் அணைகிறது என்று திருப்பிக் கேட்டார். கச்சான் காற்றைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலைச் சாத்துங்கள் என்றார். எங்கள் ஊர் வேக்காட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கச் சொல்கிற ஆள் ஒரு நாளாவது சமைத்திருப்பாரா? அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று. ஒவ்வொன்றிலும் பர்னரைக் கழற்றி, போனில் பார்த்து வைத்திருந்த அந்த ஊசி மாதிரி கம்பி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். தீயின் சூட்டிலேயே இருக்கிற கம்பி அது. சூடு போனால் உள்ளே வால்வை மூடிவிடும், அதற்குக் கரண்ட் வேண்டாம். வாங்க வந்தவள் அடுப்பைப் பிரித்துப் போடுகிறாளே என்று அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. கடைசியில் கடையின் மூலையில், பெட்டியில் தூசி படிந்து ஒன்று கிடைத்தது. அழகில்லாத இரண்டு பர்னர் அடுப்பு. மேல் தாங்கி மட்டும் அகலம், மண்சட்டியின் உருண்டை அடி ஆடாமல் உட்காரும்.

பொருத்த வந்தவர் போன பிறகு மாமியைக் கூப்பிட்டேன். வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். குமிழை அமுக்கித் திருப்பி, தீ பிடித்த பிறகும் கொஞ்சநேரம் அமுக்கியே பிடிக்க வேண்டும், கம்பி சூடாகும்வரை. கையை உடனே எடுத்தால் அணைந்துவிடும். மாமிக்கு இரண்டு மூன்று தடவை அணைந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த தடவை உதடு அசைந்தது. மாதாவிடம் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபத்தைப் பாதிவரை சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். தீ அணையாமல் நின்றது.

பிறகு ஜன்னலைத் திறந்துவைத்து, சிம்மில் இருந்த தீயை ஊதி அணைத்தேன். வாடை கொஞ்சம் வந்தது. மாமி மறுபடி ஜெபத்தைத் தொடங்கினார். அது முடியப் போகும் நேரத்தில் அடுப்புக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு வாடை ஏறவில்லை, காற்றில் கரைந்தே போனது. மாமி குனிந்து அடுப்பின்மேல் காதை வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அப்புறம் அவரே ஊதினார். அன்று மண்சட்டி நிமிர்ந்தது.

அடுப்பு சரியாகிவிட்டது. நான்தான் சரியாகவில்லை. அந்தக் கம்பியில் குழம்பு பொங்கி ஊற்றிவிட்டால், உப்புக் காற்றில் வால்வு பிடித்துக்கொண்டால், ட்யூபில் ஓட்டை விழுந்தால் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருப்பேன். வண்டியைத் தெருமுனையில் அணைப்பதும் நிற்கவில்லை. சத்தமில்லாமல் வந்து, வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு மணியை அழுத்துவேன். உள்ளே குச்சி உரசும் சத்தம் கேட்கும்.

ஒரு நாள் அப்படி உருட்டிக்கொண்டு வந்தபோது மாமி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். மடியில் தீப்பெட்டி.

"தெருமுனையில நீ வண்டிய அணைக்கது எனக்கு முதல் நாள்லேருந்தே கேக்கு" என்றார். "மூக்குத்தான் போச்சு. காது போகலல்லா."

மூக்கு போய்விட்டது என்று அவர் வாயால் கேட்டது அதுதான் முதல்முறை. வண்டிக்கு ஸ்டாண்டைப் போட்டேன். மாமி தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இனி நீயே பத்த வை. எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஏளா. நீ வாரதுக்குள்ள எதாவது ஆயிரும்னு இல்ல. நீ வந்த பிறகு ஆயிரக் கூடாதேன்னு."

மறுநாள் வண்டியை வாசல்வரை ஓட்டிக்கொண்டே வந்தேன். வேண்டுமென்றே ஒரு தடவை முறுக்கிவிட்டுத்தான் அணைத்தேன். உள்ளே குச்சி உரசும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஏற்றாத மெழுகுவர்த்தியின் முன்னால் மாமி வெறுங்கையோடு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"மணக்கா?" என்று கேட்டார்.

நான் அவசரப்படவில்லை. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். புளியும் மல்லியும் நெத்திலியும் கொதித்துச் சுண்டிய வாசனை. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"மணக்கு மாமி" என்றேன். பிறகுதான் குச்சியை உரசினேன்.