வேலூரிலிருந்து வந்தவருக்கு வேலை

என் வீட்டுக்காரர் வேலூர் ஜெயிலிலிருந்து வந்த அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்துச் சோறு போட்டேன். மறுநாளே வேலை தேட அனுப்பினேன். சேவல் சண்டையில் எந்தச் சேவல் முதலில் ஓடியது என்று தகராறு. இவர் விட்ட குத்தில் காபிக் கடைக்காரரின் பல் ஒன்று போய்விட்டது. அதற்குத்தான் ஜெயில். திரும்பி வருவதற்குள், பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் இவர் பார்த்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

"இத்தனை நாளா எங்க இருந்தேன்னு கேட்டா, வேலூர்ல உறவுக்காரங்க வூட்லன்னு சொல்லுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். இவருக்குப் பொய் வராது. முதலில் போனது அரிசி மண்டிக்கு.

"வேலூர்ல யார் வூட்லன்னு கேட்டாரு" என்றார் வந்ததும்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சர்க்கார் வூட்லன்னேன்."

மண்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். குடிக்க மோர்கூடக் கொடுத்தாராம். வேலை மட்டும் கொடுக்கவில்லை. குதிரை வண்டிக்காரரோ, "ஏறறவன் பல்லெல்லாம் பத்திரமா இறங்கணும்பா" என்று திருப்பி அனுப்பினார். இதையெல்லாம் இவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். எனக்குப் பொறுக்கவில்லை.

அடிபட்டவரே ஒரு நல்ல வார்த்தை சொன்னால் ஊரும் நம்பும் என்று தோன்றியது. இவரிடம் சொல்லாமல் காபிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவிதான் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"உன் வூட்டுக்காரரு உடைச்சது சொத்தைப் பல்லுமா. ராவெல்லாம் அனத்திக்கினு இருந்தாரு. புடுங்கிக்கச் சொன்னா பயம். இப்பதான் நான் தூங்கறேன்!"

"சும்மா இருடீ!" என்றார் அவர். பல் இல்லாத சந்தில் 'சும்மா' வெறும் காற்றாக வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் பார்த்துவிட்டார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

"மாவாட்டற ஆளு நின்னுட்டான். வரச் சொல்லுமா. சேவல் பேச்சு மட்டும் எடுக்கக் கூடாது."

"அவர் மூஞ்சியில எப்படி முழிக்கறது?" என்று இவர் தயங்கினார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் கைகூப்பி, "தப்புதாண்ணே" என்றார். கடைக்காரர் ஆட்டுக்கல்லைக் காட்டினார். அவ்வளவுதான் சமாதானம்.

செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. இருவரும் மறுபடி அடித்துக்கொள்வார்கள் என்று தறியை விட்டு எழுந்து வந்தது ஒரு கூட்டம். கடையில் சும்மா நிற்க முடியுமா? ஆளுக்கு இரண்டு இட்லி வாங்கித் தின்றுகொண்டே காத்திருந்தார்கள். சண்டை வரவில்லை, மாவு தீர்ந்துவிட்டது.

கடைக்காரர் காலிக் குண்டானை எட்டிப் பார்த்தார். பிறகு இவரிடம், "நாளைக்கு அரிசி உளுந்தைக் கொஞ்சம் அதிகமாவே ஊறப்போடுப்பா" என்றார்.

நாளைக்கும் வேலை உண்டு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.