மூன்றரை சதவீதம்

எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் முதலில் டிக்கெட் எடுப்பார்கள், அடுத்து என் அத்தானைப் பார்க்க வருவார்கள். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவர். வேலையில் இருந்தவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் எந்த நாட்டுப் பணம் இன்றைக்கு என்ன விலை என்று கேட்டால், பல் துலக்கிக்கொண்டே சொல்வார். தெருவில் அவருக்கு 'ரேட்டு' என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபம் வரவில்லை, உள்ளுக்குள் பெருமைதான்.

"ஏர்போர்ட்ல போய் மாத்தாதீங்க, தலையில மொளகா அரைச்சுடுவான்," என்று ஆரம்பிப்பார். "'கமிஷன் கிடையாது'ன்னு போர்டு மாட்டினவன்கிட்ட போகவே போகாதீங்க. அவன் கமிஷன ரேட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பான். அங்க போய் மெஷின்ல எடுத்தா ஒரே தடவையா எடுங்க, ஒவ்வொரு தடவையும் தனித்தனியா பிடிப்பான். கார்டு தேய்க்கும்போது, 'உங்க நாட்டுப் பணத்துல கட்டறீங்களா'ன்னு மெஷின் பாசமா கேக்கும். மயங்கிடாதீங்க. அந்த ஊர் பணத்துலயே கட்டறேன்னு அமுக்குங்க. இல்லன்னா நூத்துக்கு மூணு நாலு காணாம போயிடும்."

அத்தனையும் சரியான பேச்சு. இன்றைக்கும் அதில் ஒன்றைக்கூடத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அக்கா ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டையை வெள்ளை விளக்குக்குக் கீழே விரித்துப் போட்டு, விட்டுப்போன தையலையும் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையும் கண்டுபிடிப்பது வேலை. ஒரு நாளைக்கு நானூறு சட்டை. இத்தனைக்கும் அவளுக்கு வலது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். நானூறு சட்டையையும் பார்த்தது இடது கண் ஒன்றுதான். "ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டே இவ்வளவு குத்தம் கண்டுபிடிக்கிறா, ரெண்டும் நல்லாயிருந்தா என் கதி என்ன," என்று அத்தான் கேலி செய்வார். அக்காவும் சிரிப்பாள்.

அத்தான் ஓய்வு பெற்றதும் அவளை ஒரு வாரம் வெளிநாடு கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. மூன்று வருடத் திட்டம். கைச்செலவுக்கான நோட்டுகளை விலை இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். அதற்காக நான்கு கடை ஏறி இறங்குவார், பஸ்ஸில் போனால் மிச்சப்பட்டது போய்விடும் என்று நடந்தே போவார். மீதிப் பணம் முழுவதையும் வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்காத ஒரு வங்கியாகப் பார்த்துப் போட்டு, அதன் கார்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். கடன் அட்டை என்றால் அவருக்கு ஆகாது. நான் அந்த நாட்டில் முன்பு இரண்டு வருடம் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவன், மொழி ஓரளவு தெரியும். அதனால் பேசவும் பை தூக்கவும் நானும் கூடப் போனேன்.

நான்கு நாள் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாவது நாள் வெள்ளிக்கிழமை. காலையில் விடுதி அறையில் அக்கா தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"டேய், இடது கண்ணுல கீழேருந்து கறுப்பா ஏதோ ஏறி வருதுடா. திரை மாதிரி. ராத்திரியெல்லாம் மின்னல் மின்னலா இருந்துச்சு, தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன்."

மருந்துக் கடையில் நின்றவனுக்கு இந்த மாதிரி வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். அடுத்த அரை மணியில் கண் மருத்துவமனையில் இருந்தோம்.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். விழித்திரை பிரிந்துகொண்டிருக்கிறது. பார்வைக்கு உயிரான நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றே அறுவை செய்தால் பார்வை தப்பும். நடுப்பகுதியும் பிரிந்துவிட்டால் பிறகு ஒட்டவைக்கலாம், பழைய பார்வை வராது. இரண்டு மணிக்கு ஓர் இடம் இருக்கிறது. முன்பணம் கட்டியதும் அதை உங்களுக்கு எழுதிவிடுவார்கள்.

அக்காவைத் தள்ளுநாற்காலியில் உட்காரவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அத்தானும் பணம் கட்டும் ஜன்னலுக்குப் போனோம். பயணக் காப்பீடு இருந்தது, ஆனால் முதலில் நாங்கள் கட்டி, ஊர் போய்த்தான் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் பணத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். அத்தான் யோசிக்கவேயில்லை, கார்டை நீட்டினார். அவரைக் கருமி என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்காவுக்கு என்றால் சட்டையைக் கழற்றிக் கொடுக்கிற மனிதர்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தானே மெஷினில் எதையோ அமுக்கினாள். பணம் போயிற்று. சீட்டு வந்தது. அத்தான் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, நம்ம பணத்துல போட்டுட்டா. நம்மள கேக்கவே இல்ல. மூணரை சதவீதம் கூட."

"அத்தான்..."

"ரத்து பண்ணிட்டு அவங்க பணத்துல போடச் சொல்லு. ரெண்டு நிமிஷ வேலை. மணி இப்ப ஒண்ணேகால்தான்."

விடுங்க அத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண் கேட்காமல் அமுக்கியதில் எனக்கும் கோபம். ஊருக்கே புத்தி சொல்கிற மனிதரை ஏமாற்றப் பார்க்கிறாளே என்று விறைப்பாக நின்று, அவள் மொழியில் அதைச் சொன்னவன் நான்தான். அவள் தோளைக் குலுக்கிவிட்டு ரத்து செய்தாள். மறுபடியும் கார்டைத் தேய்த்தாள். மெஷின் கூவியது. கணக்கில் போதிய பணம் இல்லை.

இன்னொரு முறை தேய்த்தாள். அதே பதில்.

ரத்தான பணம் வங்கிக்குத் திரும்ப நான்கைந்து நாள் ஆகுமாம். அதுவரை அது யார் கையிலும் இருக்காது. அத்தனை பேருக்கு அத்தனை சொன்ன அத்தானுக்கு இது தெரியாது. எப்படித் தெரியும்? கட்டிய பணத்தை ரத்து செய்யும் நிலைமை அவர் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

எங்கள் வங்கிக்குப் போன் செய்தால் பாட்டு போட்டுவிட்டார்கள். அத்தான் இடுப்புப் பையிலிருந்த நோட்டுகளையெல்லாம் ஜன்னலில் கொட்டினார். கால்வாசிகூட வரவில்லை. என் கணக்கில் இருந்தது டீச் செலவுக்குத்தான் காணும். மேலாளரிடம் போய் நின்றோம். பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார், முன்பணம் இல்லாமல் எழுத விதி இல்லை என்றார். இரண்டு மணி இடம் காத்திருந்த வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த இடம் திங்கட்கிழமை.

ஊரில் பத்துப் பேரிடம் கை நீட்டி, சனிக்கிழமை மாலை பணம் வந்து சேர்ந்தது. அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டினோம். அக்காவிடம், "தியேட்டர் காலி இல்லையாம்," என்று அத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள், "மேல வரைக்கும் ஏறிடுச்சு," என்றாள். அத்தான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். குழாய்ச் சத்தத்தையும் மீறி அவர் அழுவது எங்களுக்குக் கேட்டது. பயத்தில் அழுகிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விழித்திரையை ஒட்டிவிட்டார்கள். ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து அவள் தொழிற்சாலைக்குப் போனாள். ஒரே வாரத்தில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரிகிறது, நேராகப் பார்ப்பது மட்டும் அழிந்துபோகிறது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் முகத்தைச் சற்றுத் திருப்பி, அவர் தோளுக்கு அப்பால் பார்க்க வேண்டும். அத்தான் அவளுக்குக் காய் நறுக்கினார், பின்னல் போட்டுவிட்டார். வெளிநாடு போகிறவர்கள் வாசலில் வந்து நின்றால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா," என்று அனுப்பிவிடுவார்.

எட்டு மாதம் கழித்துக் காப்பீட்டுக்காரர்களின் கடிதம் வந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அத்தான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பிரித்து, அலுவலகக் கடிதம் படிக்கிற வேகத்தில் உரக்கப் படித்தேன்.

"வெள்ளிக்கிழமை பகல் ஒன்று பத்துக்குச் செலுத்தப்பட்டு, ஒன்று பதினெட்டுக்கு வாடிக்கையாளர் கேட்டபடி ரத்து செய்யப்பட்ட தொகை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. சனிக்கிழமை செலுத்திய தொகை முழுவதும், பணமாற்றுச் செலவு ஏதும் இருந்தால் அதுவும் உட்பட..."

அங்கே படிப்பதை நிறுத்திவிட்டேன். அந்த மூன்றரை சதவீதம் எங்கள் கையிலிருந்து போகிற காசே இல்லை. எப்படிக் கட்டியிருந்தாலும் திரும்ப வந்திருக்கும்.

ஆனால் அக்கா கேட்டது வேறு.

"வெள்ளிக்கிழமையே பணம் கட்டிட்டோமா?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"யாரு ரத்து பண்ணச் சொன்னது?"

"நான்தான்," என்றார் அத்தான். ஒன்றைக்கூட மறைக்காமல் முதலிலிருந்து சொன்னார். என் பெயரை எடுக்கவேயில்லை. "நானும்தான்க்கா. அவகிட்ட பேசினது நான்," என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"எவ்வளவு மிச்சமாகியிருக்கும்?"

மறந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது.

"ஆறாயிரத்து நானூத்தி அஞ்சு."

 அக்கா முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பினாள். அப்படித் திருப்பினால்தான் அவர் முகம் அவளுக்குத் தெரியும்.

"அது என் பதினஞ்சு நாள் சம்பளம்ங்க," என்றாள். "எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."