எல்கையில் இறங்கியவர்

நல்லகண்ணு அண்ணாச்சிக்கு இடது முட்டி மடங்காது. எங்கள் தெருக் கடைசியிலிருந்த விசைத்தறிக் கூடத்தில், அந்தக் காலை நேராக நீட்டி வைத்துக்கொண்டு தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பார். போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். "மிதிச்சிட்டுப் போலே, அதுல ஒண்ணும் தெரியாது" என்பார்.

அவர் ஓட்டக்காரர். மாட்டு வண்டிப் பந்தயத்தில் வண்டிக்கு இரண்டு ஆள். ஒருவர் உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பவர். இன்னொருவர் துணை, கூடவே ஓடுவார், மூச்சு முட்டினால் வண்டியின் பின்னால் தொற்றிக்கொள்வார். துணைக்கு உண்மையான வேலை எல்கையில்தான். வண்டி திரும்ப வேண்டிய இடம் அது. சாலை நடுவில் ஒரு தார் பீப்பாயும் அதன்மேல் சிவப்புக் கொடியும் இருக்கும். ஓட்டத்திலிருக்கிற காளைகளைக் கயிற்றால் மட்டும் அங்கே திருப்பினால் வண்டி குடைசாய்ந்துவிடும். துணை குதித்திறங்கி, உள்பக்கத்துக் காளையின் நுகத்தடி முனையை நெஞ்சோடு அணைத்து, அதை நின்ற இடத்திலேயே சுழலவிட வேண்டும். வெளிப்பக்கத்துக் காளை வட்டமடித்து வரும்.

எழுபத்திரண்டாம் வருஷத்துக் கோயில் கொடைத் திருவிழாவில், குருவிகுளம் சாலையில் நடந்த பந்தயத்தில் வெள்ளத்துரை கயிறு பிடித்தார், அண்ணாச்சி துணை. எல்கைக்கு மூன்றாவதாகப் போன வண்டி முதலாவதாகத் திரும்பியது. திரும்பிய வேகத்தில் அண்ணாச்சி தடுக்கி விழ, சக்கரம் முட்டியில் ஏறி இறங்கியது. நிறுத்தாதே என்று கீழே கிடந்தபடி கத்தியதாகச் சொல்வார். வண்டி நிற்கவில்லை. முடிவில் பந்தலருகே நின்ற கூட்டம் பார்த்தது, வெள்ளத்துரை ஒற்றை ஆளாக முதலில் வந்ததைத்தான்.

ஆனாலும் அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். நல்லகண்ணு திருப்பின வண்டி என்றுதான் பேச்சு. பிறகுதான் அந்தப் படம் வந்தது.

எழுபத்தெட்டில், எங்கள் ஊர் டாக்கீஸில். அதில் கதாநாயகன் தனியாக வண்டியில் நின்றுகொண்டு, கயிற்றைப் பல்லில் கடித்தபடி சாட்டையைச் சுழற்றுவான். துணை கிடையாது. எல்கையும் கிடையாது. மாடுகள் போகும், கதாநாயகி கையைப் பிசைவாள், புழுதி எழும்பும், அடுத்தாற்போல மாடுகள் திரும்பி வந்துகொண்டிருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, திரும்புகிற இடத்தை யாரோ வெட்டிவிட்டார்கள் என்றே நம்பினார். மறுநாளும் போய்ப் பார்த்தார். ஆபரேட்டர் கபீரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். பெட்டியில் வந்ததே அவ்வளவுதான் என்று கபீர் சத்தியம் செய்தாராம்.

அந்தப் படத்துக்குப் பிறகு ஊர் தன் பந்தயத்தைப் படம் மாதிரியே நினைக்கத் தொடங்கியது. வெள்ளத்துரை நின்றுகொண்டே ஓட்டினார் என்று டீக்கடையில் சொன்னார்கள். அடுத்த வருஷம் கயிறு கையிலிருந்து பல்லுக்குப் போனது.

நான் கல்லூரியில் சரித்திரம் படித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம். நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில், வெளிநாடுகளில் குதிரையைச் சிறு வண்டியில் பூட்டி ஓட்டும் பந்தயத்தைப் பற்றிப் பல பக்கங்கள் இருந்தன. குதிரைக்குக்கூடப் பெயர் போட்டிருந்தார்கள். குருவிகுளம் சாலையை நான் எந்தப் பக்கத்தில் தேடுவது? இதற்கு உதவாத படிப்பு எதற்கு உதவும் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

எண்பத்துமூன்றில் கொடைக் கமிட்டி, பழைய பந்தயத்தில் ஜெயித்தவருக்கு மேடையில் துண்டு போர்த்துவது என்று முடிவு செய்தது. வெள்ளத்துரையை மட்டும் கூப்பிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அண்ணாச்சி நூல் சுற்றுவதை நிறுத்தினார். துண்டு வேண்டாம், துணை நல்லகண்ணு என்று மைக்கில் ஒரு தடவை சொன்னால் போதும் என்றார்.

"பேரச் சொன்னா காலு மடங்கிருமாக்கும்" என்றார் அவர் மனைவி மாரித்தாய் மதினி.

மடங்காது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

நான் கமிட்டிக்குப் போனேன். படித்த பையன் என்று நாற்காலி போட்டார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலைவர் சங்கரபாண்டி, "நீ பாத்தியாடே?" என்றார்.

அன்று நான் சிறுவன், பந்தலருகே நின்றிருந்தேன். இல்லை என்றேன்.

"நாங்க பாத்தோம். வண்டியில ஒத்த ஆளு."

எல்கையில் பீப்பாயருகே கண்காணிக்க நின்றவர் செத்துப்போயிருந்தார். மற்ற வண்டிக்காரர்கள் எந்தெந்த ஊரோ. மிச்சமிருந்தது வெள்ளத்துரைதான். அண்ணாச்சியும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், அண்ணாச்சி காலை நீட்ட வசதியாகக் கட்டிலை இழுத்துப் போட்டார்.

"எல்கையில வண்டியத் திருப்புனது யாருவே?" என்று கேட்டார் அண்ணாச்சி.

வெள்ளத்துரை யோசித்தார். ஏமாற்றுகிற முகமாகத் தெரியவில்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீரு விழுந்தது நல்லா ஞாவம் இருக்குவே. அதுனாலதான நான் எந்திரிச்சு நின்னேன். நின்னுக்கிட்டே திருப்புனேன்."

"திருப்புன பொறவுல்லாவே நான் விழுந்தேன்."

"முன்னாடிவே."

"அப்பம் கயித்தப் பல்லுல கடிச்சீராக்கும்?"

"கடிச்சேன்" என்று வாயைத் திறந்து உடைந்த பல்லைக் காட்டினார்.

அது கிணற்றடியில் வழுக்கி விழுந்து உடைந்த பல், தூக்கிவிட்டதே தான்தான் என்று திரும்பி வரும்போது அண்ணாச்சி சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை.

கொடையன்று புதுப் பந்தயம் தொடங்குவதற்கு முன்னால் வெள்ளத்துரையை மேடைக்குக் கூப்பிட்டார்கள். துண்டு போர்த்தினார்கள். எப்படித் திருப்பினீர்கள் என்று மைக்கில் கேட்டதும், காலை அகட்டி நின்று அந்தத் துண்டையே பல்லில் கடித்துக் காட்டினார். விசில் அடங்க நேரமானது.

பந்தல் காலில் சாய்ந்து நின்ற அண்ணாச்சி என்னிடம், "ஏலே, அன்னைக்கு நீ இங்கனதான நின்ன. வெள்ளத்துரை வாரப்போ உக்காந்திருந்தானா, நின்னானா?" என்றார்.

நான் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். புழுதிக்குள்ளிருந்து வெள்ளத்துரை வந்தார். நின்றுகொண்டு வந்தார். பல்லில் கயிறு இருந்தது.

"ஞாவம் இல்ல அண்ணாச்சி."

அவர், "இங்கன நின்னா ஒண்ணும் தெரியாது, வாரேன்" என்று சொல்லிவிட்டு, எல்கை இருக்கும் திசையில், காலை வீசி வீசி, சாலை ஓரமாக நடக்கத் தொடங்கினார். எல்கைக்கு மூன்று மைல். கூப்பிட்டேன்; திரும்பவில்லை. கொடியசைத்து வண்டிகளை விட்டார்கள். பந்தலுக்கு அடுத்தாற்போலிருந்த பாலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார், அத்தனை வண்டிகளும் அவரைக் கடந்து போய்விட்டன.