முன்னாள் படைவீரர் மயானத்தைப் பெருக்குவது யார்

அபுதாபியில் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். லிஃப்ட், ஏசி, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு கட்டடத்துக்கு ஆண்டுதோறும் என்ன செலவாகும் என்று கணக்குப் போடுவதும், அதைக் குடியிருப்பவர்களிடம் எப்படிப் பிரித்து வாங்குவது என்று சொல்வதும் என் வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்கிறது என்று ரூமில் இருக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். உயரட்டும். என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் போடுவதற்காகத்தான் அம்மா கையெழுத்துப் போடவே கற்றுக்கொண்டாள்.

அப்பா எட்டாவது படித்துவிட்டு ராணுவத்தில் சமையல்காரராகச் சேர்ந்தவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த கையோடு, அபுதாபி நகரத்திலிருந்து மேற்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் ருவைசுக்குக் கிளம்பிவிட்டார். இங்கே ஆலை கேட் ஒன்றில் செக்யூரிட்டி. வேலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பட்டாளத்துக்காரர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேராவது இப்படி இரண்டாவது தடவை யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வளைகுடாவில் ஏதாவதொரு கேட்டில் நிற்கிறார்கள்.

இந்த ஆட்கள்தான் ஊரில் தங்களுக்கென்று ஒரு மயானம் கட்ட ஆசைப்பட்டார்கள். எங்கள் ஊரில் இருக்கும் மயானங்கள் எல்லாம் சாதிவாரியானவை. ஒரு தெருவின் பிணம் இன்னொரு தெருவின் மயானத்துக்குப் போகாது. பனியில் ஒரே கூடாரத்தில் படுத்து, அப்பா ஆக்கிப்போட்டதை ஒரே பாத்திரத்திலிருந்து அள்ளித் தின்ற ஆட்கள், செத்த பிறகு வேறு வேறு பக்கம் போவதா என்று சுபேதார் அங்கிள் கேட்டார். அவர் அப்பாவுக்கு ராணுவத்தில் மேலதிகாரி. இங்கே அதே கேட்டில் அப்பாவோடு ஷிஃப்ட் மாறுகிறவர். ஏரிக்கரை ஓரமாகப் பஞ்சாயத்து ஒரு துண்டுப் புறம்போக்கை ஒதுக்கிக் கொடுத்தது.

அப்பா தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப்புக்குள் பெண்களை விடமாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் பிடித்து ருவைசுக்குப் போனால், கீழக்கரைக்காரர் ஒருவர் நடத்தும் கஃபட்டேரியாவில்தான் அப்பாவைப் பார்ப்பேன். மயானத்துக்கான கூட்டமும் அங்கேதான், பின்பக்கத்து மேஜையில் நடக்கும். போகப் போக நானும் அதில் ஒரு ஆளாகிவிட்டேன். அனுமதி இல்லாமல் நன்கொடை வசூலிப்பது இந்த நாட்டில் குற்றம் என்று முதல் நாளே சொன்னது நான்தான். எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது. வழி சொன்னதும் நான்தான். இங்கே யாரும் யாரிடமும் வாங்க வேண்டாம். அவரவர் வீட்டுக்கு அனுப்பும் சம்பளத்தோடு இதையும் சேர்த்து அனுப்பட்டும், ஊரில் மனைவிமார்கள் அதைப் பட்டாளத்துக்காரர்கள் சங்கத்தின் பேங்க் கணக்கில் கட்டட்டும். சுபேதார் அங்கிள் அப்பாவைப் பார்த்து, "உன் பொண்ணு பட்டாளத்துல சேர்ந்திருந்தா எனக்கே ஆர்டர் போட்டிருக்கும்யா" என்றார். அன்று முழுக்க அப்பா டீயே குடிக்கவில்லை. கிளாஸைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே இருந்தார்.

கட்டுவதற்குப் பணம் தடையில்லாமல் வந்தது. கேட் ஒருவர், போர்வெல் ஒருவர், ஷெட் ஒருவர் என்று போட்டி போட்டார்கள். எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் உண்டு. சிமெண்ட் பெஞ்சில்கூட முதுகு சாயும் இடத்தில் பெயர் இருக்கிறது. ஆனால் கட்டிய பிறகு என்ன என்று நான் கேட்டால் யாராவது பேச்சை மாற்றிவிடுவார்கள். என் ஆபீசிலும் இதே கதைதான். கட்டடம் வாங்கும்போது இருக்கும் உற்சாகம் பராமரிப்புக் கட்டணம் என்று சொன்னதும் வடிந்துவிடும். முள்ளை வெட்டுவதிலும் சருகைக் கூட்டுவதிலும் யார் பெயரைப் பொறிக்க முடியும்? எங்கள் ஆட்கள் எல்லோருமே ஊரில் யாரும் குடியிருக்காத மாடிகளைக் கட்டி வைத்திருப்பவர்கள்.

கடைக்கார பாய்தான் எனக்குக் கைகொடுத்தார். அவர்கள் ஊரில் ஜமாத்துக்கு வீட்டுக்கு வீடு சந்தா உண்டாம். பாக்கி வைத்திருந்தால் கல்யாணத்துக்குப் போய் நிற்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்களாம். "அடக்குற எடத்துக்கு மாசாமாசம் குடுக்கணும்ணே. செவுத்தக் கட்டிட்டு வந்துட்டா முள்ளு பேரப் படிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருமா?" என்று எங்கள் மேஜையைத் துடைத்தபடி சொன்னார். அதன் பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு தொகையை வீட்டுக்கு அனுப்புவது, மனைவிமார்கள் அதை நிரந்தர வைப்பில் போடுவது, வட்டியில் ஊரில் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்பது. திட்டத்தை நான்தான் டைப் அடித்தேன். இடம் யாருக்கு என்பதை மட்டும் அவர்கள் சொல்ல எழுதினேன். ராணுவத்திலிருந்து விடுபடும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். "மிலிட்டரி கேன்டீன் கார்டு இல்லாதவனுக்குக் குழியும் கெடையாது" என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

திறப்பு விழா நடந்தது. பராமரிப்புக்கான பணமும் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் பேங்க் கணக்கில் எதுவும் ஏறவில்லை. கேட்டால் இன்றைக்குப் போகிறோம், நாளைக்குப் போகிறோம் என்று பதில் வந்தது. சம்பளத்துக்கு ஆள் வைக்கும்வரை கொஞ்சம் பெருக்கிப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, இங்கிருந்து ஒவ்வொருவரும் அவரவர் மனைவிக்குப் போன் செய்திருந்தார்கள். வளைகுடா ஆண்களின் வழக்கம் இது. கரண்ட் பில்லா, பேங்க்கா, பத்திர ஆபீசா, வீட்டில் இருப்பவளுக்கு ஒரு போன். மயானத்துக்கும் அப்படியே போன் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போகக் கூடாது என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மழைக்குப் பிறகு ஊரிலிருந்து வந்த ஒரு வீடியோவை அப்பா என்னிடம் காட்டினார். சீமைக்கருவேலம் சுவரளவுக்கு வளர்ந்திருந்தது. பெயர் பொறித்த பெஞ்சின்மேல் இரண்டு ஆடுகள். ராணுவத்தில் சமையல்காரர் என்றால் எல்லோரும் கொஞ்சம் கீழே வைத்துத்தான் பேசுவார்கள். இந்த ஒரு இடத்தில்தான் அவருக்கும் சுபேதாருக்கும் ஒரே அளவுக் கல். அது இப்படிக் கிடக்கிறதே என்று அவரால் தாங்க முடியவில்லை. "உங்கம்மா எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்றா. நீ கேளும்மா" என்றார்.

பணம் எங்கேயாவது செலவாகிவிட்டதோ என்ற பயத்தோடுதான் போன் செய்தேன். அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. பணம் பத்திரமாக இருக்கிறது, எல்லோரிடமும் இருக்கிறது என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். எந்தெந்தத் தெருப் பெண்களோ விளக்குமாறோடு போய் நின்றிருக்கிறார்கள். ஒருத்தி கொண்டுவந்த ஃபிளாஸ்கிலிருந்து எல்லோரும் டீ குடித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில்கூட நிற்காத ஒரு அம்மாவும் அதில் உண்டு. அப்படியே பழகிவிட்டது. பிறகு ஊரில் இருந்த வயதான பட்டாளத்துக்காரர் ஒருவர் இறந்தார். அந்த மயானத்துக்கு முதல் ஆள். காலையில் பெண்கள் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார்கள். மாலையில் ஊர்வலம் போனபோது அதே பெண்களை ஆண்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இறந்தவரின் மனைவி தன் இடம் அவருக்குப் பக்கத்தில்தானே என்று கேட்டிருக்கிறாள். டிஸ்சார்ஜ் புக் இருக்கிறவர்களுக்கு மட்டும் என்று நான் டைப் அடித்த தாளைக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பெண்கள் யாரும் பெருக்கப் போகவில்லை, பணத்தையும் கட்டவில்லை.

"பெருக்குறது நாங்க, படுக்குறது நீங்களா?" என்றாள் அம்மா.

நான் விதியை விளக்கப் பார்த்தேன். இடம் சின்னது, ராணுவத்தில் இருந்தவர்களுக்கான மரியாதை அது என்றேன். அம்மா விடவில்லை.

"பட்டாளத்துல இருந்தப்பவும் லீவுல வந்தாரு. இப்பவும் லீவுலதான் வர்றாரு. செத்தப்புறமாவது ஒரே எடத்துல இருக்கட்டுமேன்னு பாக்கறேன். இது இன்னா தப்பு?"

போனை வைத்த பிறகு எனக்கு ஒரு குழப்பம் வந்தது. இவ்வளவு நாள் இந்த ஆண்கள் ஏன் அந்த இடத்துக்கு ஆசைப்படுகிறார்கள் என்பதே எனக்குப் புரியாமல் இருந்தது. உயிரோடு இருக்கும்போது அடுக்குக் கட்டிலில் படுத்து மிச்சம் பிடிப்பதை மண்ணுக்கடியில் படுப்பதற்கா அனுப்புவது? இப்போது அம்மாவும் அதே இடத்தைக் கேட்கிறாள்.

அடுத்த ஞாயிறு மேஜையில் சொன்னேன். சத்தம் போட்டுவிட்டார்கள். மனைவி என்றால் பிறகு அம்மா, பிறகு மகன், கடைசியில் தெருவே வரும் என்றார் ஒருவர். சுபேதார் அங்கிள் பொறுமையாகத்தான் பேசினார். "நாங்க சாதி பாக்காம இருந்தது பட்டாளத்தால. இவங்க அப்படியா இருந்தாங்க? உள்ள வந்தா தெருவையும் கூடவே கொண்டாந்துருவாங்கம்மா. அப்புறம் இதுவும் மத்த சுடுகாடு மாதிரி ஆயிடும்." அவர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது போலத்தான் பட்டது. நான் ஃபிளாஸ்க் விஷயத்தைச் சொன்னேன். எந்த அம்மா யாருடைய மனைவி என்று பெயரோடு சொன்னேன். எங்கள் வாசலில் நிற்காத அந்த அம்மாவின் கணவரும் மேஜையில்தான் இருந்தார். தன் மனைவியைப் பற்றி யாரோ புரளி சொல்வதுபோல என்னைப் பார்த்தார். பாய் மட்டும், "பட்டாளம் இல்லாமலே அது நடந்துபோச்சா அங்கிட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா மெதுவாக, "என் எடத்த அவளுக்குக் குடுத்துருங்க சார். என்னை எங்கனா போட்டுக்கட்டும்" என்றார்.

அந்த இடத்துக்காக எவ்வளவு ஏங்கினார் என்று மேஜையில் எல்லோருக்கும் தெரியும். பெருமையாக இருந்ததா, அழுகை வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் உருகிப்போவாள் என்று எதிர்பார்த்தேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "அங்கயும் என்னத் தனியா விட்டுட்டு இவரு வேற எடத்துக்கு டூட்டிக்குப் போறாராமா?" என்றாள். நான் உள்ளே போய் அதை அப்படியே சொன்னேன். சுபேதார் அங்கிள்தான் முதலில் சிரித்தார். பிறகு, "சரி, ஏதாவது வழி இருந்தா சொல்லுங்கய்யா" என்றார். அவர் மனைவியும் அந்தப் பெருக்கும் கூட்டத்தில் ஒருத்திதான்.

கிணறு வெட்டும் குடும்பத்தில் பிறந்த ஒருவர் வழி சொன்னார். முதலில் போகிறவருக்குக் குழியை ஆழமாகத் தோண்டிவிட்டால், பிறகு வருகிறவருக்கு அதே இடத்தில் மேலே இடம் இருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு குழி, ஒரு கல், இரண்டு பெயர். நிலம் கூடுதலாக வேண்டாம். மகனும் தெருவும் வர முடியாது. ஏற்கெனவே அங்கே அடக்கமான பெரியவர் விஷயத்தில் மட்டும், ஆழம் போதாததால், பக்கத்து இடத்தை அவர் மனைவிக்கு விடுவது என்று முடிவானது. கேட்டில் யாரையும் நிறுத்துவதில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னார் சுபேதார் அங்கிள். நான் திருத்தி டைப் அடித்து அன்றே அனுப்பினேன். அம்மாவும் மற்றவர்களும் அதை யாரையோ படிக்கச் சொல்லி, மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொல்லிவிட்டு, பேங்க்குக்குச் சேர்ந்தே போனார்கள். இப்போது முள் வெட்ட ஆள் இருக்கிறார்.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அம்மா போர்வெல் பக்கத்தில் ஒரு இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறாள். அங்கே மண் இளகியிருக்கிறதாம், வேப்பங்கன்று சீக்கிரம் வளருமாம். அப்பாவுக்குக் கேட் ஓரம்தான் வேண்டும். யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். ரிட்டயர் ஆன பிறகும் கேட்டைவிட்டு நகர மாட்டாரா என்று அவள் என்னிடம் கேட்கிறாள். தண்ணீர் கசிந்து முதுகு ஊறிப்போகும் என்று சொல்லச் சொல்லி அவர் என்னிடம் சொல்கிறார். நேரடியாகப் பேசிக்கொள்ளுங்கள் என்றால் கேட்பதில்லை. சென்ற வாரம் ஆபீசில் ஒரு மீட்டிங்குக்கு நடுவில் அம்மா கூப்பிட்டாள். அவசரமோ என்று பயந்து வெளியே ஓடிவந்து எடுத்தேன்.

"யாரு கீழ, யாரு மேலன்னு உங்கப்பாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு" என்றாள். குரலில் அப்படி ஒரு சிரிப்பு.

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அப்பாவின் ஷிஃப்ட் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.