குஞ்சு பொரிக்கும் வரை

என் நாத்தனார் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளிடம் மாற்றுப் புடவைகூட இல்லை. ஒரு கையில் ஒயர் கூடை, அதற்குள் கால் கட்டிய கோழி. இன்னொரு கையில் தூக்குச்சட்டி. மூடியைத் திறந்து காட்டினாள். தவிட்டுக்குள் முட்டைகள் புதைந்து கிடந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்கட்டில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். அவர் கோயில் பக்கத்து லாட்ஜில் வேலை பார்த்தார். இவள் அவருடைய ஒரே தங்கை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவள் வருவதற்கு வேறு வீடும் இல்லை.

இடது கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "கோழி அடைக்கு வந்துடுச்சி அண்ணி. அங்க விட்டா அடிச்சி கொழம்பு வெச்சிடுவாரு" என்றாள். கோழியைப் பற்றி மட்டும்தான் பேசினாள். நானும் வேறு எதையும் கேட்கவில்லை.

சாயங்காலம் என் கணவர் வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். கை கால் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டார்.

"எப்ப போற?"

"குஞ்சு பொரிக்கட்டும்ணா."

"சரி. அதுக்கப்புறம் மாப்ளையை வரச் சொல்றேன். கூட கெளம்பிடணும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் கணவர் கெட்டவர் இல்லை. கல்யாணமான பெண் புருஷன் வீட்டில் இருக்க வேண்டும், சண்டை எந்த வீட்டில்தான் இல்லை என்று நம்பியவர். அவ்வளவுதான்.

குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மூங்கில் கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி அவள் அடை வைத்தாள். கோழி உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்தது. முன்கட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "இந்த வீட்ல கோழியெல்லாம் வெச்சிக்கக் கூடாதும்மா" என்றார். "குஞ்சு பொரிச்சதும் ஊருக்குப் போயிடுவாங்கம்மா" என்றேன். ஆக, எல்லோரும் அந்தக் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்று வாரம் ஆனது. என் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கி பொரிச்சிடுமா?" என்று கேட்டார்.

"இது இந்தக் கோழி போட்ட முட்டை இல்லண்ணா, கினிக்கோழி முட்டை. இன்னும் ஒரு வாரம் ஜாஸ்தி ஆவும்."

அவர் தங்கையை உற்றுப் பார்த்தார். சாக்குச் சொல்கிறாளோ என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது. பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழமை வரச் சொல்லிட்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாரம் அவள் நாள் முழுவதும் கூடைக்குப் பக்கத்திலேயே இருந்தாள். கோழி தவிடு தின்ன இறங்கும் கொஞ்ச நேரத்தில் முட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பாள். "உன்ன அனுப்பிட்டா நீ போயிடுவியா?" என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டேன். "எங்க போறது அண்ணி" என்றாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டை ஓட்டில் விரிசல் கண்டது. காதருகே வைத்தால் உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. "இப்ப கோழியை எழுப்பக் கூடாது. காத்து பட்டா உள்தோல் காஞ்சி குஞ்சு உள்ளயே மாட்டிக்கும்" என்றாள். மே மாதத்து அனல் காற்று வேறு வீசிக்கொண்டிருந்தது.

மதியம் அவள் புருஷன் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. நான் கொடுத்த காபியை மரியாதையாக வாங்கிக் குடித்தான். "வரச் சொல்லுங்க மச்சான், அடுத்த பஸ்ஸுக்குப் போயிடலாம்" என்றான்.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "இன்னிக்கி முடியாது. முட்டை விரிஞ்சிக்கினு இருக்குது."

அவன் சிரித்தான். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனான். நாங்களும் பின்னாலேயே போனோம். குனிந்து கோழியை இறக்கையோடு பிடித்துத் தூக்கி வீசினான். அது கத்திக்கொண்டே மதில்மேல் போய் விழுந்தது. "இப்ப முடிஞ்சிதில்ல, கெளம்பு" என்றான்.

அவள் முந்தானையை விரித்துக் கூடையை மூடி அதன்மேல் கவிழ்ந்துகொண்டாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். மற்றக் கை தானாக உயர்ந்தது. நாங்கள் நிற்பதே அவனுக்கு நினைவில்லை. அத்தனை பழகிப்போன கை.

என் கணவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கைய எறக்குங்க மாப்ள."

"எம் பொண்டாட்டிய கூட்டிப் போவ உங்கள கேக்கணுமா?"

"என்ன கேக்க வேணாம். அவள கேளுங்க."

பிடித்த கையை அவர் விடவில்லை. அவள் திரும்பாமலே, "நான் வரல" என்றாள்.

அவன் கொண்டையை விட்டான். பஞ்சாயத்து வைக்கிறேன், ஆள் கூட்டி வருகிறேன் என்று தெருவில் நின்று சத்தம் போட்டான். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவன் போன பிறகு என் கணவர் வாசற்கதவைத் தாழிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தெருவில் மோட்டார்பைக் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார்.

பின்பக்கம் வேறு கவலை. பயந்த கோழி கூடைக்குத் திரும்பவில்லை. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முட்டைகள்மேல் போட்டோம். ஆறினால் மறுபடி நனைத்தோம். வெயில் தாழ்ந்த நேரத்தில் கோழி மதிலிலிருந்து இறங்கி, எங்களைச் சுற்றி வந்து, யோசித்து யோசித்துக் கூடையில் ஏறியது. அப்போதுதான் அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சில குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின. மற்றவை விடிவதற்குள் வெளியே வந்துவிட்டன. உடம்பெல்லாம் பழுப்புக் கோடுகள், சிவந்த கால்கள். என் கணவர் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இத இன்னா தின்னக் குடுக்கறது?" என்று தங்கையைக் கேட்டார். "நொய்யி" என்றாள்.

சொன்னபடி அவன் ஆள் கூட்டி வரவில்லை. அவன் ஊரில் பஞ்சாயத்து நடந்தது. என் கணவர் மட்டும் போய், அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார். சொந்தக்காரர்கள் சிலர் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவள் செங்கம் ரோட்டில் இருந்த ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போனாள்.

கினிக்கோழிகள் வளர்ந்து, யார் வந்தாலும் தெருவே அதிரக் கத்தத் தொடங்கின. வீட்டுக்கார அம்மா காலி செய்யச் சொல்லிவிட்டார். பாவம், அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார். புது வீட்டை நாத்தனார்தான் தேடிப் பிடித்தாள். பேச நானும் கூடப் போயிருந்தேன். "எத்தினி பேரு இருப்பீங்க?" என்று அந்த வீட்டுக்காரர்கள் கேட்டார்கள்.

"மூணு பேரு. அப்புறம் கோழிங்க இருக்குது, ரொம்ப சத்தம் போடும். இப்பவே சொல்லிட்றேன்" என்றாள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள். அந்த வீட்டில்தான் என் பிள்ளைகள் இரண்டு பேரும் பிறந்தார்கள்.